கோயபல்ஸ் சொல்லாத பொன்மொழி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் போகிற போக்கில் "பிரசாரம் என்றாலே பொய் என்று அர்த்தமில்லை, கைதேர்ந்த பிரசாரத்தில் முக்கால்வாசி உண்மைதான் இருக்கும்" என்று எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களே ஒரு கட்டு தேறும். பாதி சந்தேகம், பாதி வசவு. இந்தப் பக்கத்தை முழுக்க அவற்றுக்கே கொடுத்துவிடுகிறேன்.

எந்தக் கட்சி மேடையானாலும் எதிராளியை 'கோயபல்ஸ்' என்கிறார்கள். "ஒரு பொய்யை நூறு தடவை சொன்னால் உண்மையாகிவிடும்" என்று அவர் எந்தப் புத்தகத்தில் எழுதினார்?
(மதுரை வாசகர்)

எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஹிட்லரின் பிரசார மந்திரியான கோயபல்ஸின் எழுத்தில், பேச்சில், பக்கம் பக்கமாக எழுதிவைத்த நாட்குறிப்பில் எல்லாம் தேடிப் பார்த்தவர்களுக்கும் அந்த வரி அகப்படவில்லை. யோசித்துப் பாருங்கள், பிரசாரத்துக்கென்றே இருக்கிற ஒரு மந்திரி "நான் சொல்வது பொய், ஆனாலும் விடாமல் சொல்வேன்" என்று எதற்காகத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளப் போகிறார்? 1941 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலைத் தாக்கி ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலேயர்கள் பொய் சொன்னால் பெரிதாகச் சொல்வார்கள், மாட்டிக்கொண்டாலும் அதையே பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று அதில் குற்றம்சாட்டுகிறார். ஹிட்லரும் 'மெயின் காம்ப்' புத்தகத்தில் பெரிய பொய்யைப் பற்றி எழுதியிருக்கிறார், அதுவும் யூதர்கள்மேல் பழியைப் போட்டு. அடுத்தவன் செய்வதாக இவர்கள் சொன்னதை இவர்களுடைய வாக்குமூலமாக மாற்றி, மேடைக்கு மேடை சொல்லிச் சொல்லி உண்மையாக்கியது நாம்தான்!

அந்த ஆள் நிஜமாகச் செய்தது இதைவிட விவரமான வேலை. 1933 மார்ச்சில் மந்திரியானதும் வானொலி அதிகாரிகளைக் கூப்பிட்டுச் சொன்னதில் முதல் விஷயம், எதை வேண்டுமானாலும் செய்யுங்கள், போரடிக்க மட்டும் செய்யாதீர்கள் என்பது. அந்த வருஷம் ஆகஸ்டிலேயே 'மக்கள் வானொலி' என்று ஒரு மலிவான பெட்டி 76 மார்க்குக்குக் கடைக்கு வந்தது. மாடல் பெயர் வி.இ. 301. ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30-ஐ நினைவூட்டத்தான் அந்த எண். 1938-ல் 35 மார்க்குக்கு இன்னும் சின்னப் பெட்டி. அதில் பெரும்பாலும் பாட்டும் இசையும் ஓடும், நடுநடுவே செய்தியும் தலைவரின் உரையும் வரும். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் வெளிநாட்டு வானொலி கேட்பதே குற்றம் என்று சட்டம் போட்டார்கள். ஆக, ஒரு பொய்யை நூறு தடவை சொன்னதைவிட, மற்றவன் ஒரு தடவைகூடப் பேசாமல் பார்த்துக்கொண்டதில்தான் கோயபல்ஸ் கெட்டிக்காரர்.

அப்படியென்றால் திரும்பத் திரும்பச் சொன்னால் நம்புவார்கள் என்பதே கட்டுக்கதையா?
(திருநெல்வேலி வாசகி)

இல்லை, அது நிஜம். சொன்ன ஆள்தான் தப்பு. 1977-ல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டாபினோ என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் பொதுஅறிவு வாக்கியங்களைக் கொடுத்து, எது எந்த அளவுக்கு உண்மையாகப் படுகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். இரண்டு வாரம் விட்டு மறுபடி, அப்புறம் இன்னொரு முறை. சில வாக்கியங்கள் மட்டும் மூன்று தடவையும் வந்தன. மெய்யோ பொய்யோ, திரும்ப வந்தவற்றுக்கு மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. பின்னால் வந்த ஆய்வுகளில், சரியான விடை தெரிந்தவர்கள்கூட இதில் சறுக்கியிருக்கிறார்கள். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது என்ற உணர்வை மூளை 'சரியாகத்தான் இருக்கும்' என்று எடுத்துக்கொள்கிறது. எங்கே கேட்டோம் என்பதுதான் முதலில் மறந்துபோகிறது. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, கீழே நாலைந்து பதிலில் இதே இடத்துக்குத்தான் வரப்போகிறேன்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பிரசார உத்திகள் ஏழு என்கிறார்களே, பட்டியல் தர முடியுமா?
(நாமக்கல் மாணவர்)

அந்த ஏழு 1937-ல் நியூயார்க்கில் தொடங்கிய 'பிரசார ஆய்வு நிறுவனம்' வகுத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிளைட் மில்லர், ஃபைலீன் என்ற கடை முதலாளியின் பணத்தில் தொடங்கினார். எதிராளிக்குப் பட்டப்பெயர் வைப்பது, 'வளர்ச்சி', 'மாற்றம்', 'விடியல்' மாதிரி யாரும் மறுக்க முடியாத பளபள வார்த்தைகளைத் தூவுவது, கொடியையோ சாமியையோ பக்கத்தில் நிறுத்தி அதன் மரியாதையைத் தன்மேல் ஒட்டிக்கொள்வது, பிரபலத்தை விட்டுச் சொல்ல வைப்பது, 'நானும் உங்களில் ஒருவன்' என்று காட்டுவது, 'ஊரே நம்ம பக்கம், அலை வீசுது' என்பது. ஆறாயிற்றா?

உங்களில் ஒருவன் உத்திக்கு நம்மூரில் விளக்கமே வேண்டாம். தேர்தல் வந்தால் வேட்பாளர் பரோட்டாக் கல்லில் மாவு வீசுவார், இஸ்திரிப் பெட்டியைத் தேய்ப்பார், நாற்று நடுவார், பக்கத்தில் போட்டோகிராஃபர் வரப்பில் வழுக்கி விழாமல் நிற்பார்.

ஏழாவதுதான் மற்ற ஆறையும் விழுங்கிவிடும். சாதகமான சீட்டை மட்டும் மேலே அடுக்கிக் காட்டுவது. இதில் சொல்கிற ஒவ்வொன்றும் நிஜமாக இருக்கலாம், ஒரு எண்ணில்கூடத் தப்பு கண்டுபிடிக்க முடியாது, ஆனால் சொல்லாமல் விட்டதைச் சேர்த்தால் கதையே தலைகீழாகிவிடும். சென்ற இதழில் முக்கால்வாசி உண்மை என்று நான் சொன்னது இதைத்தான். தேர்வில் வராத தகவல் ஒன்று: அந்த நிறுவனம் ஐந்து வருஷம்கூடத் தாண்டவில்லை, அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கிய கையோடு மூடிவிட்டார்கள். போருக்குப் போகிற நாட்டில் சொந்த அரசாங்கத்தின் பிரசாரத்தையும் சந்தேகப்படச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

எந்த யுத்தமானாலும் குழந்தைகளைக் கொன்றார்கள் என்ற செய்திதான் முதலில் வருகிறது. அதையும் சந்தேகப்பட்டால் மனசாட்சி உறுத்துகிறது. என்ன செய்ய?
(காரைக்குடி வாசகி)

உறுத்தத்தான் வேண்டும், போரில் குழந்தைகள் நிஜமாகவே சாகிறார்கள். அந்த உறுத்தலைக் காசாக்கிய ஒரு கதையைச் சொல்கிறேன்.

1990 ஆகஸ்ட் 2-ம் தேதி சதாம் உசேனின் படை குவைத்தைப் பிடித்தது. அமெரிக்கா போருக்குப் போகலாமா கூடாதா என்று அங்கே மக்களுக்கே இரண்டு மனசு. அக்டோபர் 10-ம் தேதி வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன்னால் 15 வயதுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பெயர் நயிரா. முழுப் பெயரைச் சொன்னால் குவைத்தில் இருக்கும் குடும்பத்தைப் பழிவாங்கிவிடுவார்கள் என்று அவ்வளவுதான் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் தொண்டு வேலைக்குப் போயிருந்தபோது, துப்பாக்கியோடு வந்த இராக் சிப்பாய்கள் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துக் குளிர்ந்த தரையில் போட்டுவிட்டு இன்குபேட்டர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று சொல்லி அழுதாள். பார்த்தவர்களும் அழுதார்கள். அன்றைக்கு ராத்திரியே டி.வி.யில் வந்துவிட்டது. அதிபர் புஷ் (அப்பா புஷ்) இந்தக் கதையைப் பேச்சுக்குப் பேச்சு சொன்னார். ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் மாதிரி பெயர்பெற்ற மனித உரிமை அமைப்பே முதலில் இதை ஏற்று அறிக்கை விட்டு, பிறகுதான் வாபஸ் வாங்கியது. 1991 ஜனவரி 12-ம் தேதி செனட்டில் போருக்கான தீர்மானம் 52-க்கு 47 என்று மயிரிழையில் நிறைவேறியது. செனட்டர்கள் சிலர் பேசும்போது இன்குபேட்டரைச் சொல்லித்தான் பேசினார்கள்.

போர் முடிந்து, 1992 ஜனவரியில் ஜான் மெக்ஆர்தர் என்ற பத்திரிகையாளர் 'நியூயார்க் டைம்ஸ்'சில் எழுதிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது: அந்தப் பெண் அமெரிக்காவில் இருந்த குவைத் தூதரின் மகள். அந்தக் கூட்டத்துக்கு ஏற்பாடு, சாட்சிக்கு ஒத்திகை, டி.வி. நிலையங்களுக்கு வீடியோ அனுப்பியது எல்லாம் 'ஹில் அண்ட் நோல்ட்டன்' என்ற மக்கள்தொடர்பு நிறுவனம். பணம் குவைத் அரசுடையது, 'சுதந்திரக் குவைத்துக்கான குடிமக்கள்' என்ற பெயரில் ஒரு கோடி டாலருக்கும் மேல் கை மாறியிருக்கிறது. இதற்குள் ஒரு சட்டச் சாமர்த்தியமும் உண்டு. அந்தக் குழு பெயரளவில்தான் காங்கிரஸ் குழு, அதிகாரபூர்வமான விசாரணைக் குழு இல்லை. அங்கே சத்தியப் பிரமாணம் கிடையாது, பொய் சொன்னாலும் வழக்கு வராது. டி.வி.யில் பார்க்கிறவனுக்கு மைக்கும் மேஜையும் ஒரே மாதிரிதானே தெரியும்! பின்னால் குவைத்துக்குப் போய் விசாரித்தவர்களுக்கு அந்த இன்குபேட்டர் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இதில் கவனியுங்கள், இராக் படை குவைத்தில் ஆட்களைக் கொன்றது, சித்திரவதை செய்தது, கொள்ளையடித்தது எல்லாம் நடந்தவை. அவ்வளவு நிஜத்துக்கு நடுவே வைத்ததால்தான் இதையும் யாரும் தனியாக எடுத்துப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா பெயரை அன்றைக்கே ஒரு நிருபர் கேட்டிருந்தால் போதும். எனவே அழுகிற குழந்தையைச் சந்தேகப்பட வேண்டாம், அம்மா. அந்தக் குழந்தையை மைக் முன்னால் கூட்டிக்கொண்டு வந்தது யார், செலவு யாருடையது என்று கேளுங்கள். அதில் மனசாட்சிக்கு விரோதம் ஒன்றும் இல்லை.

போரில் வெற்றிதான் முக்கியம். நியாயமான பக்கத்துக்காக நாலு பொய் சொன்னால் என்ன கெட்டுப்போகும்?
(கோயம்புத்தூர் வாசகர்)

பதிலை முதல் உலகப்போரில் பார்க்கலாம். 1914 செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு 'வெலிங்டன் ஹவுஸ்' என்ற கட்டடத்தில் ரகசியமாக ஒரு பிரசார அலுவலகம் தொடங்கியது. ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாய்ல், எச்.ஜி. வெல்ஸ் போன்ற எழுத்தாளர்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். அரசாங்க முத்திரை எங்கேயும் தெரியாமல், பெயர்பெற்ற பதிப்பகங்களின் பெயரிலேயே புத்தகங்கள் வெளியாயின. அப்படி ஒரு அலுவலகம் இருந்ததே 1930-களில்தான் வெளியே தெரிந்தது.

அவர்கள் கையில் நிஜமே வேண்டிய அளவு இருந்தது. ஜெர்மன் படை பெல்ஜியத்தில் ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்களைச் சுட்டுக் கொன்றது, தினான் என்ற ஒரே ஊரில் 600-க்கும் மேல், லூவென் பல்கலைக்கழக நூலகத்தைக் கொளுத்தியது. அது போதாதென்று, பெயர் சொல்லாத சாட்சிகள் பிரமாணம் இல்லாமல் சொன்ன கைவெட்டு, குழந்தைக் கொலைக் கதைகளையும் சேர்த்து 1915 மே மாதம் பிரைஸ் பிரபுவின் பெயரில் ஒரு அறிக்கை வந்தது. 1917-ல் இன்னும் ஒருபடி மேலே. ஜெர்மானியர்கள் தங்கள் சிப்பாய்களின் பிணத்தையே காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அது செத்த குதிரைகளைக் காய்ச்சுகிற இடம். 1925-ல் பிரிட்டிஷ் வெளியுறவு மந்திரியே பாராளுமன்றத்தில், அந்தக் கதைக்கு அடிப்படை இல்லை என்ற ஜெர்மனியின் மறுப்பை ஏற்றுக்கொண்டார்.

சரி, முடிந்த கதைதானே என்கிறீர்களா? 1943 ஆகஸ்டில், போலந்தில் யூதர்களை விஷவாயு அறைகளில் கொல்கிறார்கள் என்ற தகவல் லண்டனுக்கு வந்தபோது, பிரிட்டனின் கூட்டு உளவுக் குழுத் தலைவர் கேவண்டிஷ்-பென்டிங்க் கோப்பில் எழுதியது, இது போன போரில் சொன்ன பிணக் கொழுப்புக் கதையை ஞாபகப்படுத்துகிறது என்று. அந்த முறை தகவல் நிஜம்.

"நம்ம ஊர்ப் பேப்பரில் இல்லை, வெளிநாட்டுப் பத்திரிகையிலேயே வந்துவிட்டது" என்று சொன்னால் எப்படி நம்பாமல் இருப்பது?
(சேலம் வாசகர்)

1983 ஜூலையில் டெல்லியிலிருந்து வந்துகொண்டிருந்த 'பேட்ரியட்' என்ற நாளிதழுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் தெரியாத ஓர் அமெரிக்க விஞ்ஞானி என்று போட்டிருந்தார்கள். எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் ஆய்வகத்தில் உருவாக்கியது என்பது சாராம்சம். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 1985-ல் மாஸ்கோவின் 'லித்தராத்தூர்னயா கசெட்டா' இதை எடுத்துப் போட்டது, ஆதாரம் என்ன தெரியுமா? 'இந்தியப் பத்திரிகை ஒன்றில் வந்திருக்கிறது'. அப்புறம் கிழக்கு பெர்லினில் ஒரு பேராசிரியர் விஞ்ஞான முலாம் பூசிக் கொடுத்தார், ஆப்பிரிக்கப் பத்திரிகைகள் போட்டன, 1987-க்குள் உலகம் சுற்றிவிட்டது. சோவியத் உளவுத்துறையின் வேலை என்று 1992-ல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமாகோவே ஒப்புக்கொண்டார்.

ரஷ்யாக்காரனுக்கு இந்தியப் பத்திரிகை 'வெளிநாட்டுப் பத்திரிகை', நமக்கு ரஷ்யப் பத்திரிகை. யாருடைய வாய் என்று தெரியாமல் இருக்க எத்தனை வாய் மாற்றினார்கள் பாருங்கள். உங்களுக்கு வருகிற வெளிநாட்டுச் செய்தியில் 'இந்திய ஊடகங்களின்படி' என்று எங்காவது மூலையில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அடிக்கடி இருக்கும்.

வானொலி, டி.வி. எல்லாம் வெறும் பேச்சுதானே, அதனால் கொலை நடக்கும் என்பதெல்லாம் மிகை இல்லையா?
(புதுச்சேரி வாசகர்)

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1993 ஜூலையில் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலியைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நல்ல பாட்டு, நக்கலான அறிவிப்பாளர்கள், இளைஞர்களுக்கு ரொம்பப் பிடித்த நிலையம். போரடிக்காதே என்ற பாடத்தை நன்றாகப் படித்தவர்கள். அதே குரலில் அந்த நாட்டின் சிறுபான்மை இனமான துட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்றார்கள், 1994 ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கியதும் பெயரையும் இடத்தையும் ஒலிபரப்பி ஆள் காட்டினார்கள். சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 2003-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் அந்த வானொலியை நடத்தியவர்களைத் தண்டித்தது. அவர்கள் யாரும் அரிவாளைத் தொட்டதற்காக அந்தத் தண்டனை இல்லை.

எங்கள் பெரியப்பா குடும்பக் குரூப்பில் தினமும் காலையில் இருபது ஃபார்வர்டு போடுகிறார். பாதி பொய். மறுத்தால் "நேற்று முளைத்த பயல்" என்கிறார். என்ன செய்வது?
(தஞ்சாவூர் வாசகர்)

குரூப்பில் மறுக்காதீர்கள். பத்துப் பேர் முன்னால் பெரியப்பாவைத் திருத்தினால் அவர் தன் மரியாதையைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், செய்தி உண்மையா என்பது அப்புறம் பேச்சுக்கே வராது. தனியாகப் போன் போட்டு "இதை உங்களுக்கு யார் பெரியப்பா அனுப்பினது?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் ஞாபகம் இருக்காது. அதை அவரே உணர்ந்தால் போதும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2018-ல் பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று ஒரு வீடியோ ஊர் ஊராகச் சுற்றியது ஞாபகமிருக்கும். மோட்டார் சைக்கிளில் வந்து தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு அட்டையைக் காட்டுகிற பகுதியை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள். அந்தப் பீதியில் அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைக்கு சாக்லெட் கொடுத்த வயதான அம்மா ஒருவரை அடித்தே கொன்றார்கள். பல மாநிலங்களில் இப்படி நடந்த பிறகுதான் ஜூலையில் வாட்ஸ்அப் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பரவியதும் இதே ரகம்தான், வேறு எங்கேயோ வேறு எதற்கோ நடந்த சண்டையின் வீடியோவுக்கு நம்மூர்ப் பெயரை ஒட்டினார்கள். வீடியோ நிஜம், ரத்தம் நிஜம், மேலே எழுதிய ஒரு வரிதான் பொய். திருப்பூரில் ரயில் ஏறக் கூட்டம் நின்றதற்கு அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது.

கோயபல்ஸுக்குக்கூடக் கிடைக்காத வசதி இது. அவர் ரேடியோப் பெட்டியை விற்க வேண்டியிருந்தது. இங்கே பெரியப்பாவே கொண்டுவந்து கொடுக்கிறார்.

இதையெல்லாம் எழுதும் நீங்கள் செய்வதும் ஒரு பிரசாரம்தானே? கூச்சமாக இல்லையா?
(பெயர் போடாத கடிதம்)

பிரசாரம்தான். என் பெயர் பக்கத்தின் மேலே இருக்கிறது. உங்கள் பெயர் எங்கே?

பிரசாரத்தை நல்லதுக்கும் பயன்படுத்தலாம் இல்லையா?
(ஈரோடு வாசகி)

தாராளமாக. போலியோ சொட்டு மருந்து ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததிலும் பிரசாரத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் நான் எப்போதும் நினைத்துக்கொள்வது சிவப்பு முக்கோணத்தை. 1960-களின் கடைசியில் வந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னம், தலைகீழாக நிற்கிற முக்கோணம், சுவரெல்லாம், பஸ் முதுகெல்லாம். படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி ஒரு சின்னம் செய்தது உண்மையிலேயே பெரிய கெட்டிக்காரத்தனம். பிடிக்காதவர்கள் எதிர்த்துப் பேசினார்கள், பேச முடிந்தது, அதனால் அது விளம்பரமாகவே இருந்தது.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, வானொலி ஏற்கெனவே அரசாங்கத்தின் கையில். அதே முக்கோணம், கிட்டத்தட்ட அதே வாசகம், ஆனால் இப்போது ஆசிரியருக்கும் கிராம அதிகாரிக்கும் ஆள் பிடிக்க இலக்கு, பிடிக்காவிட்டால் சம்பளம் நிற்கும். 1976-77-ல் மட்டும் நாட்டில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை அறுவைச் சிகிச்சை நடந்தது. வட மாநிலங்களில் போலீஸ் வைத்துப் பிடித்தார்கள். எந்தப் பேப்பரிலும் அதை எழுத முடியாது. விளைவு என்னவென்றால், ஊர் எவ்வளவு கொதிக்கிறது என்பது ஊருக்கும் தெரியவில்லை, டெல்லிக்கும் தெரியவில்லை. ஜெயித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் இந்திரா காந்தி 1977 மார்ச்சில் தேர்தல் வைத்தார். உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதியில் காங்கிரஸுக்கு ஒன்றுகூட இல்லை, பீகாரின் 54-லும் இல்லை, ரேபரேலியில் அவரே தோற்றார்.